கதிரையில் உட்கார்ந்த போன்

மாத்தளை மாவட்டத்தில் அட்டைக்குப் பயந்தவர்கள் உண்டு, மாமியாருக்குப் பயந்தவர்கள் உண்டு. அடுத்தவர் காலுக்குப் பயந்த ஒரே மனிதர் வயர் அண்ணன்தான். கல்யாண மண்டபத்தில் யாராவது அவருடைய வயருக்குப் பக்கத்தில் கால் வைத்தால் மனிதருக்கு மூச்சு நின்றுவிடும்.

அவர் கல்யாண நேரலைக்கு ஒலி பார்ப்பவர். நான் மைக் பிடித்து அறிவிப்புச் செய்பவன். இருவருக்கும் ஒரே மேசை, ஆகவே ஓயாத சண்டை.

வெளிநாட்டிலிருந்து போனில் கலந்துகொள்பவர்தான் அவருக்கு முதல் விருந்தாளி. முன்வரிசையில் கதிரை போட்டு, போனை அதில் நிறுத்தி, சந்தனப் பொட்டும் வைப்பார். பல்லேபொலயில் ஒரு கல்யாணத்தில் பெரியவர் ஒருவர் தெரியாமல் அதில் உட்காரப் போனார்.

"எழும்புங்க, அதுல கனடா சித்தப்பா இருக்காரு."

"எங்க இருக்காரு?"

"போனுக்குள்ள. மடியில உக்காந்துறாதீங்க."

மண்டபத்துக்கு ஒரு லைன், நேரலைக்கு ஒன்று, ரெக்கோர்டிங்குக்கு ஒன்று, போனில் இருப்பவருக்குத் தனியாக ஒன்று. அந்தக் கடைசி லைனில்தான் அவர் உயிரே இருந்தது.

"மேளம், மந்திரம், உங்க அறுவை எல்லாம் அவங்களுக்குப் போகணும் தம்பி. அவங்க குரல் மட்டும் திரும்பிப் போகக் கூடாது. தான் பேசுனதே பிந்தி வந்து காதுல விழுந்தா மனுசன் எப்படிப் பேசுவான்?"

நிகழ்ச்சி முடியும்வரை ஒரு வயரையும் கழற்ற விடமாட்டார். பந்தி முடிந்து, கூட்டுகிற அம்மா விளக்குமாறோடு வந்து நின்றாலும், "போன்ல இருக்கிறவங்க வைக்கட்டும்" என்பார்.

மாத்தளை டவுனில் ஒரு கல்யாணம். பெண்ணின் அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்பவர், லீவு கிடைக்கவில்லை. தாலி ஏறுமுன் மகளிடம் நாலு வார்த்தை பேசவேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. ஐயர் முகூர்த்தம் போகிறது என்று அவசரப்படுத்தினார். நான் வழக்கம்போல அடித்தொண்டையில், "இதோ, கடல் கடந்து மணமகளின் அன்னை" என்று முழங்கினேன்.

"மகளே" என்றார் அந்த அம்மா. அதற்குமேல் விசும்பல்தான் வந்தது, அதுவும் மண்டபத்தின் எட்டு மூலையிலும். சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெண் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டாள்.

"எல்லாருக்கும் கேக்குதாப்பா? எனக்குப் பேச வரல. வச்சிறவா?" என்றார் அம்மா போனில்.

வயர் அண்ணன் எழுந்தார். முதலில் மேசைக்கடியில் எதையோ கழற்றினார். மண்டப லைனைப் பிடுங்கினார். நேரலை லைனைப் பிடுங்கினார். தன் ஹெட்போனை நீள வயரோடு இழுத்துக்கொண்டு, தன் வயர்களையே மிதித்துப் போய், மணப்பெண்ணின் மல்லிகைச் சரத்துக்கு மேலே மாட்டினார். மைக்கை அவள் கையில் கொடுக்குமுன் அதில் சொன்னார்:

"பேசுங்கக்கா. இனிமே உங்க புள்ளைக்கு மட்டுந்தான் கேக்கும்."

பெண் கேட்டாள். அழுதாள். நடுவில் ஒரு தடவை சிரித்தாள். "சரிம்மா, சரிம்மா" என்றாள். ஐயர்கூட அவசரத்தை மறந்து காத்திருந்தார். அதன்பிறகு வயர்கள் திரும்ப ஏறின, கெட்டிமேளம் முழங்கியது, கதிரையில் இருந்த போன் தாலி கட்டுவதைப் பார்த்தது.

பந்தியில் அவர் பக்கத்து இலையில் போய் உட்கார்ந்தேன்.

"அந்தம்மா என்னதான் சொன்னாங்க அண்ணே?"

"எனக்கெப்படித் தெரியும்? ஹெட்போன் பொண்ணு தலையிலல்ல இருந்துச்சு."

"ரெக்கோர்டிங்ல இருக்குமே."

"அதைத்தான் முதல்ல கழட்டுனேன்" என்று ரசம் கேட்டார்.

எங்கள் சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் அவர் மேசைப் பக்கம் போகும்போது இப்போதெல்லாம் நான் பார்த்துப் பார்த்துத்தான் கால் வைக்கிறேன்.