தோட்டம் போட ஊர் தேடினேன்

காயல்பட்டினத்தை விட்டுக் குடிபெயர்வது என்று நான் முடிவெடுத்தபோது, மறுப்புச் சொல்லாத ஒரே ஆள் என் மனைவி ருகையாதான். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. சந்தோஷப்பட்டேன்.

முடிவுக்குக் காரணம் உண்டு. என் வாலிபம் முழுவதும் சவூதியில், தமாமில் ஒரு சிமெண்டு குடோனில் ஸ்டோர் கீப்பராகக் கழிந்தது. அங்கே கோடைக்காலத்தில் குழாயைத் திறந்தால் கொதித்து வருகிற தண்ணீரிலேயே டீ போடலாம். பச்சையாக நான் பார்த்தது டிராபிக் சிக்னல் மட்டும்தான். பொறுக்க முடியாமல், ஜன்னல் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைக் கொண்டு பால்பவுடர் டப்பாவில் புதினா வளர்த்தேன். அதைக் கிள்ளிச் சமைக்க யாருக்கும் மனசு வரவில்லை. அறையில் இருந்த அத்தனை பேரும் முறைவைத்து மோந்து பார்ப்போம். ஊர் திரும்பியதும் குளுகுளுவென்று ஓர் இடத்தில் வீடு பார்க்க வேண்டும், சுற்றிலும் தோட்டம் போட வேண்டும், வருஷம் பூராவும் அதில் ஏதாவது ஒன்று காய்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அந்த டப்பாவைப் பார்த்துத்தான் தீர்மானித்தேன்.

ஒருவழியாகத் திரும்பி வந்தேன். காயல்பட்டினத்து வெயில், தமாம் வெயிலுக்குத் தம்பி முறை. கால் வைக்கிற இடமெல்லாம் கடல் மணல். கிணற்றுத் தண்ணீர் உப்பு.

இன்னொரு விஷயமும் உண்டு. எங்கள் ஊரில் கல்யாணம் முடிந்தால் பெண் புகுந்த வீட்டுக்குப் போக மாட்டாள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். இந்த வீடு ருகையாவின் வீடு. முன்பு அவள் உம்மாவின் வீடு. நாளைக்கு எங்கள் மகள் யுஸ்ராவின் வீடு. அந்த வரிசையில் என் பெயர் எங்கேயும் வராது. கல்யாணமான நாளிலிருந்து நான் அங்கே விருந்தாளி. அதிலும் லீவில் வந்துபோகிற விருந்தாளி. மரியாதைக்குக் குறைவில்லை, மீனில் நடுத்துண்டு எனக்குத்தான். ஆனால் சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டும் என்றால் உத்தரவு கேட்க வேண்டும். நான் சொன்ன இடத்தில் ஆணி இறங்குகிற ஒரு வீட்டில் கொஞ்ச காலம் வாழ்ந்து பார்க்க எனக்கு ஆசை.

ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டில் விஷயத்தை அறிவித்தேன். யுஸ்ரா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டிலிருந்து வந்திருந்த கொழுந்தியாள், எனக்கு உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்று அக்காவிடம் கேட்டாள். ருகையா மட்டும் என் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தாள்.

"போவோம்," என்றாள். "ஆனா எந்த ஊருன்னாலும் நாலு நாள் அங்கன தங்கிப் பார்த்துட்டு முடிவு செய்வோம். முடிவு நீங்கதான் சொல்லணும்."

முடிவு நீங்கதான். அந்த வீட்டில் அதற்கு முன் நான் கேட்டிராத வாக்கியம். உருகிப்போய்விட்டேன். அங்கேயே வேலையைப் பிரித்துக்கொண்டோம். எந்த ஊர் என்பது என் பொறுப்பு. எப்போது போவது என்பது அவள் பொறுப்பு. நியாயமான பங்கீடு என்றுதான் எனக்குப் பட்டது.

முதலில் குற்றாலம். நான் சீசனில் போகலாம் என்றேன். சீசனில் எண்ணெய் தேய்த்த ஆட்கள் வீட்டு வாசல் வரை நிற்பார்கள், வீட்டை எங்கே பார்ப்பது, கூட்டம் வருமுன்னே போய்விடுவோம் என்றாள் ருகையா. ஏப்ரலில் போனோம்.

அருவி எங்கே என்று டீக்கடைக்காரரிடம் கேட்டேன். அவர் ஒரு பாறையைக் காட்டினார். உற்றுப் பார்த்தால் அதில் ஈரமாக ஒரு கோடு இருந்தது. நாங்கள் பார்க்கப்போன வீட்டில் தோட்டம் பெரிதுதான். கிணறும் இருந்தது. வாளியை விட்டேன். கடகடவென்று கல்லில் போய் மோதியது. மதில்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்த குரங்குகள், வாடகைக்கு வந்தவனை வீட்டுக்காரர் பார்ப்பதுபோல என்னை மேலும் கீழும் பார்த்தன. நான் கையில் வைத்திருந்த வெள்ளரிக்காயை அட்வான்ஸாக வாங்கிக்கொண்டன.

ருகையா ஒரு குறையும் சொல்லவில்லை. அருவி இல்லாவிட்டால் என்ன, குழாய் இருக்கிறதே என்றாள். குரங்கும் அல்லாஹ்வின் படைப்புதானே என்றாள். குற்றாலத்துக்கு அவள் வக்கீலாக நின்றாள். குற்றம் சொன்னதெல்லாம் நான்தான்.

அடுத்தது மூணாறு. மழை முடிந்து குளிர் தொடங்கும்போது போகலாம் என்றேன். அப்போது அவள் சின்னம்மா பேத்திக்குக் கல்யாணமாம். ஜூலை மாதம்தான் ஒழியும் என்றாள்.

மூன்று ஆறுகள் சேர்வதால் மூணாறு என்று பெயராம். நாங்கள் தங்கிய வீட்டில் அடுக்களை வழியாக நாலாவதாக ஒன்று போய்க்கொண்டிருந்தது. வந்த அன்று பிடித்த மழை, நாங்கள் புறப்படும்வரை தும்மக்கூட நிற்கவில்லை. நான் இடுப்பில் கட்டுகிற சாரத்தை ருகையா தினமும் இஸ்திரி போட்டுக் காயவைத்தாள். காலுறையைக் கழற்றினால் உள்ளே அட்டைப்பூச்சி. தோட்டத்தில் முட்டைக்கோஸ் அழுகிக் கிடந்தது.

"நீங்க ஆசைப்பட்ட மாதிரி பூராவும் பச்சைதான்," என்றாள் ருகையா.

உண்மைதான். சுவரில் பச்சை. துண்டில் பச்சை. நான் போட்டுக்கொண்டு போன தோல் செருப்பிலும் பச்சை. இந்த ஊர் வேண்டாம் என்று நானே சொன்னேன். அவசரப்படாதீங்க என்றாள்.

மூணாற்றிலிருந்து வந்த கையோடு அவள் ஒரு யோசனை சொன்னாள். எந்த ஊருக்குப் போனாலும் பெரிதாகத் தோட்டம் போடப்போகிறோம். புதினா டப்பாவைத் தவிர நான் எதையும் வளர்த்ததில்லை. அதுவரை இங்கனயே மொட்டை மாடியில் நாலு செடி வைத்துக் கை பழகினால் என்ன?

நல்ல யோசனை என்று நான் தலையாட்டி முடிப்பதற்குள் சாத்தான்குளம் பக்கத்துச் செம்மண் மூட்டை மூட்டையாக வாசலில் இறங்கியது. வேப்பம் புண்ணாக்கு வந்தது. செடி வைக்கிற பைகள் வந்தன. வெயிலுக்குக் கட்டப் பச்சை வலை வந்தது. நான் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரை மேலே ஏற்றிக் கத்திரி, வெண்டை, அவரை, மிளகாய் எல்லாம் போட்டேன். மாடி இனிமேல் வாப்பா பொறுப்பு என்று யுஸ்ராவிடம் ருகையா சொல்லிவிட்டாள். துணி காயப்போட வந்த பிள்ளை, "வாப்பா, கொடியில இந்த ஓரமாப் போடட்டுமா?" என்று என்னிடம் கேட்டாள். அந்த வீட்டில் முதல்முறையாக ஒருவர் என்னிடம் உத்தரவு கேட்கிறார். ஆளில்லாத நேரம் பார்த்துப் போய் அந்த மாடிச் சுவரில் ஓர் ஆணியும் அடித்தேன். மாட்டுவதற்கு ஒன்றும் இல்லை. சும்மா அடித்தேன்.

ஐப்பசி மழை பெய்தது. செடிகள் எழுந்து நின்றன.

மூன்றாவதுதான் கொடைக்கானல். என் மனசில் முதலிடம் அதற்குத்தான். மே மாதம் வரை பொறுக்கலாம் என்றேன். மே மாதத்தில் அங்கே கார் நிறுத்த இடம் இருக்காது, குளிர் ஊரைக் குளிரில்தான் பார்க்க வேண்டும் என்றாள். அதுவும் சரியாகவே பட்டது. இங்கிலீஷ் வருஷப் பிறப்பு முடிந்ததும் கிளம்பினோம். ஸ்வெட்டர் வாங்கத் தூத்துக்குடிக்குப் போனபோது கடைக்கார அண்ணாச்சி, யாருக்குக் காய்ச்சல் என்று விசாரித்தார்.

தமாம் அடுப்பில் வெந்த உடம்பு இது. கொடைக்கானல் அதை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தது. ஸ்வெட்டர், அதன்மேல் கோட்டு, அதன்மேல் ருகையாவின் சால்வை, தலையில் குரங்குக் குல்லா. இத்தனையோடும் பல் தந்தியடித்தது. விடியுமுன் ஃபஜ்ர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுக்கத் தண்ணீரில் கை வைத்தேன். கை இருக்கிறதா என்று ருகையாவிடம் கேட்க வேண்டியதாயிற்று. இருக்கு என்றாள்.

விடிந்ததும் வீட்டுக்காரர் தோட்டத்தைக் காட்டினார். உருளைக்கிழங்குச் செடியெல்லாம் நெருப்பு வைத்ததுபோலக் கருகிக் கிடந்தது. ராத்திரி உறைபனி விழுந்துவிட்டதாம். வருஷம் பூராவும் காய்க்கும் தோட்டம் என்ற என் கனவு அந்தச் செடிகளோடு சேர்ந்து படுத்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் இருந்து பார்ப்போமே என்றாள் ருகையா. அன்றைக்குச் சாயங்காலமே பஸ் ஏறினோம்.

ஊர் வந்து சேர்ந்து மாடிக்குப் போனேன். தை மாதம். கடல் காற்று இதமாக வந்தது. நாங்கள் இல்லாதபோது யுஸ்ரா தண்ணீர் ஊற்றியிருந்தாள். கத்திரிக்காய் குலைகுலையாகத் தொங்கியது. அவரைக் கொடி பந்தலை மறைத்துவிட்டது. ருகையா டீ கொண்டுவந்தாள். டீயைக் குடித்துக்கொண்டே என் முடிவைச் சொன்னேன்.

"ருகையா, நாம எங்கயும் போக வேண்டாம். மிதமான சீதோஷ்ணம்னா இதுதான்."

அவள் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், ஊட்டி இன்னும் பாக்கி இருக்கிறதே என்றாள். ஏற்காட்டை யாரும் குறை சொல்வதில்லையாமே என்றாள். நான் மண்ணின் குணம், காற்றின் குணம், தண்ணீர் வசதி எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லி, டீ ஆறிப்போகும்வரை வாதாடி அவளை வழிக்குக் கொண்டுவந்தேன். கடைசியில், "நீங்க சொன்னாச் சரிதான்," என்று இறங்கிப் போனாள். அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால் நீங்களே எழுந்து நின்று சலாம் சொல்லியிருப்பீர்கள்.

அந்த நடை மே மாதம் வரை நீடித்தது.

பள்ளிவாசலில் எனக்குப் பக்கத்தில் தொழுகிறவர் நௌஃபல். என்னைவிட இளையவர், அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடுவார். குடும்பத்தோடு கொடைக்கானல் போய்விட்டு வந்து போனில் படம் காட்டினார். பூவாகப் பூத்துக் கிடந்தது. பேரிக்காய் மரம், கேரட் பாத்தி, சட்டைக்கு மேல் ஒன்றும் போடாமல் நௌஃபல். நாங்கள் போனபோது உருளைக்கிழங்கே கருகிவிட்டதே என்றேன். எப்போது போனீர்கள் என்று கேட்டார். ஜனவரி என்றேன்.

"ஜனவரியில யாராவது அங்கன தோட்டம் பார்க்கப் போவாங்களா காக்கா?"

அப்படியே பேச்சுவாக்கில் குற்றாலம் எப்போது போனோம் என்று கேட்டார். ஏப்ரல் என்றேன். மூணாறு? ஜூலை. நௌஃபல் நல்ல மனுஷன். சிரிக்கவில்லை. என் தோளில் கையை வைத்தார்.

"தேதி யாரு பார்த்தா காக்கா?"

உச்சி வெயிலில் வீட்டுக்கு நடந்தேன். ருகையா அடுக்களையில் உட்கார்ந்து என் தோட்டத்துக் கத்திரிக்காயை நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் மூன்று ஊரையும் மூன்று மாதத்தையும் வரிசையாகச் சொல்லி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவள் மறுப்பாள், அழுவாள், நான் மன்னிப்பேன் என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன்.

"எல்லா ஊருக்கும் ஒரு கெட்ட மாசம் உண்டுல்லா," என்றாள். "நான் அதைக் காட்டினேன். பிடிக்கலன்னு சொன்னது நீங்க."

"நம்ம ஊருக் கெட்ட மாசத்தை ஏன் காட்டல?"

"அதான் இப்ப வெளிய அடிக்குதே. அதுல நடந்துதானே வாரீங்க?"

அவள் காயை நறுக்குவதை நிறுத்தினாள்.

"நீங்க அங்கன இருந்தப்ப, எப்பப் போன் பண்ணினாலும் வீட்டுக்கு வாரேன், வீட்டுக்கு வாரேன்னு சொன்னீங்க. நான் இந்த வீட்டைத்தான் சொல்லுதீங்கன்னு நெனைச்சு உங்களுக்காக வெள்ளையடிச்சு வெள்ளையடிச்சு வச்சேன். வந்து பெட்டியை இறக்கின உடனே வேற ஊருக்குப் போவோம்னு சொன்னா?"

அதை அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னா நீங்க இருந்திருப்பீங்க. எனக்காக இருந்த மாதிரி இருந்திருப்பீங்க. இப்ப நீங்களாத்தானே இருக்கீங்க."

மனசு இளகத்தான் செய்தது. ஆனால் நௌஃபலின் கை இன்னும் தோளில் இருப்பதுபோலவே இருந்தது. ஏமாந்தவன் என்று ஊரில் பேர் வாங்க முடியாது. விறைப்பாக நின்றுகொண்டு, அந்தப் பேச்செல்லாம் செல்லாது, சரியான மாதத்தில் எல்லா ஊரையும் மறுபடி பார்த்துத்தான் முடிவு சொல்வேன் என்றேன்.

ருகையா மறுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நியாயம்தான் என்றாள். மே மாதம் முடிய இன்னும் நாள் இருக்கிறது, நாளைக்கே கொடைக்கானல் போவோம், நௌஃபல் தங்கின வீட்டையே பேசிவிடுகிறேன், யுஸ்ராவும் வரட்டும், வீட்டைப் பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு பதினைந்து நாள் சாவகாசமாக இருந்துவிட்டு வருவோம் என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்து நௌஃபல் வீட்டு நம்பரை அழுத்தினாள். மறுமுனையில் மணி அடிப்பது எனக்கே கேட்டது. ஜன்னலுக்கு வெளியே வெயில் தகதகத்தது.

"போனை வை புள்ள. பதினைஞ்சு நாளும் மாடிச் செடிக்கு யாரு தண்ணி ஊத்துவா?"

கேட்டது நான்தான்.