தொபுக்கடீர் கரடியை விலைக்கு வாங்கிய நரி

ஒரு காட்டில் (எந்தக் காடு என்று கேட்காதீர்கள், வழக்கு இன்னும் நடக்கிறது) மருதப்பன் என்றொரு கரடி இருந்தது. அதன் பெயர் மருதப்பன் என்பது அதற்கும் செத்துப்போன அதன் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோரும் அதைத் 'தொபுக்கடீர்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

காரணம் இருக்கிறது. அந்தக் காட்டில் எல்லோருக்கும் கார்ட்டூன் பிடிக்கும், ஆனால் வரைவதற்கு யாருக்கும் கை வராது. அதனால் கார்ட்டூனில் வரவேண்டியவர்கள் நேரிலேயே வந்து விழுவார்கள், மோதுவார்கள், நசுங்குவார்கள். பிறகு தூசியைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஓடிவந்து பாறையில் மோதி அப்பளமாகிற காட்டுப்பன்றி ஒன்று இருந்தது. தும்மினால் முள்ளெல்லாம் உதிர்ந்து வெட்கத்தோடு நிற்கிற முள்ளம்பன்றி ஒன்று இருந்தது. ஆனால் பெரிய பெயர் கரடிக்குத்தான். தினமும் சாயங்காலம் அது வேங்கை மரத்தில் ஏறும். உச்சியில் தேன்கூடு. கூட்டுக்கு ஒரு சாண் தூரம் இருக்கும்போது தொபுக்கடீரென்று கீழே விழும். குட்டிகளெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

கரடி சிரிப்புக் காட்டுவதற்காக விழவில்லை. சாப்பிடுவதற்கு முன் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். அம்மா அடித்துப் பழக்கியது. தேனைக் கண்டதும் கரடி பயபக்தியோடு இரண்டு கையையும் மரத்திலிருந்து எடுத்துக் கூப்பும். அதற்கப்புறம் ஆகவேண்டியதைப் பூமி பார்த்துக்கொள்ளும்.

இத்தனை பேரைச் சிரிக்க வைத்த கரடி, ஒரு சொட்டுத் தேனைக்கூட நாக்கில் வைத்ததில்லை. "தேன் எப்படி இருக்கும்? இனிப்பா, இல்லே கொஞ்சம் புளிப்பா?" என்று எறும்புகளை நிறுத்தி நிறுத்தி விசாரிக்கும். எறும்புகளுக்கு வேலை இருந்ததால் பதில் சொல்லாமல் போய்விடும். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. உங்களுக்கு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயத்தில்தான் நரி ஒரு கம்பெனி ஆரம்பித்தது. பெயர் 'நரியும் நரியும் பிரைவேட் லிமிடெட்'. இன்னொரு நரி யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அப்படியொரு நரி கிடையாது.

நரி ஒரு கூடை இலுப்பைப்பூவோடு கரடியைப் பார்க்க வந்தது. கூடவே வக்கீல் கழுகும் வந்தது.

"அண்ணே, உங்களை மொத்தமா வாங்கிக்கலாம்னு இருக்கேன்" என்றது நரி.

"தின்னறதுக்கு நான் நல்லாவே இருக்க மாட்டேன் தம்பி. வாயெல்லாம் முடியா மாட்டும்."

"சேச்சே, உங்க உடம்பு யாருக்கு வேணும்? தொபுக்கடீர்ங்கிற பேரு, நீங்க விழற தினுசு, விழும்போது வர்ற சத்தம், இதுங்களை மட்டும் குடுத்தாப் போதும்."

"அதை வாங்கி என்ன பண்ணுவே?"

"பாதுகாப்பேன்" என்றது நரி. கண் கலங்கியதாகக்கூடச் சொல்கிறார்கள்.

கரடி இலுப்பைப்பூவை முகர்ந்து பார்த்தது. இத்தனை வருஷம் விழுந்ததற்கு யாரும் ஒரு பூகூடக் கொடுத்ததில்லை. கழுகு நீட்டிய ஓலையில் பாதத்தைப் பதித்தது. அதே வழியில் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் கம்பெனிக்குச் சொந்தமாயின.

மறுநாளே மூன்றையும் ஒரு குகைக்குள் கொண்டுபோய் விட்டார்கள். குகைக்குப் பெயர் லைப்ரரி.

"லைப்ரரின்னா புத்தகம் இருக்குமே தம்பி?"

"நீங்கதாண்ணே புத்தகம். நாங்க எடுக்கிற வரைக்கும் அலமாரியிலேயே இருங்க. ஒண்ணே ஒண்ணு, கம்பெனி அனுமதி இல்லாம விழக்கூடாது. விழ விழ தேஞ்சுபோயிடுவீங்க."

வாசலைப் பாறையால் அடைத்தார்கள். நரியின் கணக்கு இதுதான்: தினமும் கிடைக்கிறதை எவனும் மதிக்கமாட்டான், கிடைக்காமல் பண்ணினால் அழுதுகொண்டு வருவான்.

வெளியில் கழுகுக்கு ஓய்வொழிச்சல் இல்லை. காட்டில் விழும் உரிமை முழுவதும் கம்பெனிக்குச் சொந்தம் என்று அது வாதிட்டது. கிளையிலிருந்து நழுவிய குரங்குக்குட்டிக்கு நோட்டீஸ் போனது. பழுத்து விழுந்த பலாப்பழத்துக்கும் நோட்டீஸ் போனது. பலாமரம் கையெழுத்துப் போட்டு வாங்க மறுத்ததால் அடிமரத்தில் ஒட்டிவிட்டு வந்தார்கள். அருவிக்கு மட்டும் விலக்கு. அது விழுவதில் நகைச்சுவை ஒன்றும் இல்லை என்று கழுகே பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டது.

நரி பஞ்சடைத்த தொபுக்கடீர் பொம்மை விற்றது. வாங்கிய குட்டிகள் பொம்மையைக் கீழே போடக்கூடாது, அது விழுதலாகிவிடும். ஆகவே காட்டிலிருந்த குட்டிகளெல்லாம் பொம்மையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, எதற்கென்று தெரியாமல் ஏங்கின. வியாபாரம் அமோகம்.

குகைக்குள் கரடிக்குப் பொழுது போகவில்லை. சுவரில் ஏறிப் பார்த்தது. உச்சியில் தேன்கூடு இருப்பதாக நினைத்துக்கொண்டதும் கை தானாகக் கூப்பப் போனது. சட்டென்று அனுமதி ஞாபகம் வந்தது. பாதம் பதித்துக் கொடுத்த வாக்கு அல்லவா? பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடித்தது. "அம்மா, மன்னிச்சுக்கோ. ஒப்பந்தத்துல இருக்கு" என்று தலையை மட்டும் குனிந்து கும்பிட்டது. தினமும் இப்படியே ஏறியது, குனிந்தது, இறங்கியது. விழவே இல்லை.

அப்போது மலைப்பாம்பு வந்தது. அது பெரிய பெரிய கம்பெனிகளை விழுங்குகிறது என்று காடெல்லாம் பேச்சு. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள், வாயைத் திறந்து முதலாளியோடு சேர்த்து விழுங்கும். போன மழைக்காலத்தில் ஒரு குயில் இசைக்குழுவை அப்படி எடுத்துக்கொண்டது. இப்போதும் ஏப்பம் விட்டால் பஞ்சமம் கேட்கிறது.

"உன் லைப்ரரியைப் பத்திக் கேள்விப்பட்டேன்" என்றது மலைப்பாம்பு. "கரடி விழறதைக் காட்டு. எனக்குச் சிரிப்பு வந்தா லைப்ரரியை எடுத்துக்கிறேன், நீயே மேனேஜரா இரு. வரலேன்னா உன்னை எடுத்துக்கிறேன்."

'தொபுக்கடீரின் மாபெரும் மறுவருகை' என்று நரி காடு முழுக்கத் தண்டோரா போட்டது. கூட்டம் வேங்கை மரத்தடியில் நெருக்கித் தள்ளியது. மலைப்பாம்பு முன்வரிசை முழுவதையும் தானே அடைத்துக்கொண்டு படுத்தது. குகையைத் திறந்து கரடியை அழைத்து வந்தார்கள்.

"அண்ணே, இன்னிக்கு விழறதுக்கு எழுத்து மூலமா அனுமதி குடுத்தாச்சு. ஜமாய்ங்க!"

கரடி ஏறியது. கூட்டம் மூச்சைப் பிடித்தது. ஒரு சாண் தூரம். கரடி தலையைக் குனிந்தது. பிறகு ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தேனடையைப் பிய்த்து வாயில் வைத்தது.

யாரும் சிரிக்கவில்லை. உச்சியில் கரடி விம்மி விம்மி அழுதது. "ஐயோ, இப்படியா இருக்கும்! யாருமே சொல்லலையே, இப்படியா இருக்கும்!"

"அண்ணே, கையை விடுங்கண்ணே!" என்று கீழிருந்து நரி கத்தியது.

"வரமாட்டேங்குது தம்பி. நீதானே கூடாதுன்னே, மறந்துபோச்சு."

மலைப்பாம்பு மெதுவாகத் தாடையைத் தளர்த்தியது. நரி முன்வரிசைக்கு ஓடிவந்தது.

"ஐயா, அது எங்க கரடியே இல்லீங்க! போலி! எங்க கரடிக்குத் தேனே கிடைக்காது, வக்கீலையே கேளுங்க!"

"தேன் தின்ற கரடி எங்கள் தொபுக்கடீர் அல்ல" என்று கழுகு எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தது. "இந்தப் போலிக்கும் கம்பெனிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது."

"அப்போ உன் கரடி எங்கே?" என்று மலைப்பாம்பு நரியைக் கேட்டது.

"உள்ளே மேக்கப் போட்டுக்கிட்டு இருக்காருங்க."

புதருக்குப் பின்னால் நரி விற்காத பொம்மைகளைக் கிழித்து முடியை உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டது. குரங்குகள் பின்னாலிருந்து முட்டுக்கொடுத்து மரத்தில் ஏற்றின. உச்சியில் இருந்த கரடி மரியாதையாக நகர்ந்து இடம் விட்டது. "வாங்க, உட்காருங்க. ரொம்ப நல்லாருக்கு, ஒரு வாய் பாக்கறீங்களா?"

நரி கிளையை இறுக்கிக் கட்டிக்கொண்டது. விழவேண்டும் என்று தெரியும், ஆனால் வரவில்லை. பிடித்ததை விட்டு அதற்குப் பழக்கமே இல்லை. கீழே மலைப்பாம்பு வாயைத் திறந்துவிட்டது. உள்ளே தொண்டைவரை தெரிந்தது.

"ஐயா, சாமி, என்னை ஒண்ணும் பண்ணிடாதீங்கய்யா!" என்று அலறிக்கொண்டே நரி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டது.

தொபுக்கடீர்!

காடே அதிர்ந்தது. குட்டிகள் பொம்மைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு உருண்டு புரண்டு சிரித்தன. மலைப்பாம்பு சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து ஒரு குயில் தப்பித்துப் பறந்துபோனது.

"இவன்தான் அசல்" என்றது மலைப்பாம்பு. கழுகு அங்கேயே ஒரு புது ஓலையை நீட்டியது. அதில் பாதம் பதித்தபோதுதான், தான் யாருக்கு வக்கீல் வைத்திருக்கிறோம் என்ற சந்தேகம் நரிக்கு வந்தது.

இப்போது தினமும் சாயங்காலம் நரி விழுகிறது. மற்ற நேரம் லைப்ரரியில் இருக்கிறது. அசல் தொபுக்கடீர் தேன் தொடக்கூடாது என்பதால் தேன் கிடையாது. குகைக்குள் காட்டுப்பன்றி பாறையைச் சுற்றிக்கொண்டு போகப் பழகி வருகிறது. முள்ளம்பன்றி தும்மலை அடக்கிப் பார்க்கிறது.

மருதப்பன் என்றொரு கரடியை வேங்கை மரத்தடியில் தினமும் பார்க்கலாம். மடியில் தேனடையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும். நரி விழுந்ததும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டும். பிறகு பக்கத்தில் இருக்கிற மானிடம் விரலை நக்கிக்கொண்டே சொல்லும்: "பரவாயில்லே. ஆனா என்ன இருந்தாலும் பழைய தொபுக்கடீர் மாதிரி வராது."

நீதி: திருந்த நினைக்கிறவர்கள் முதலில் தங்களை நல்ல விலைக்கு விற்றுவிட வேண்டும். அதற்கப்புறம் திருந்தினால் நஷ்டம் வாங்கியவனுக்கு.