பீன்ஸை முதலில் கொதிக்க வைக்கச் சொல்லுங்கள், அண்ணி

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கும் இவருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம். ஒரே ஊரில் இருந்துகொண்டு, கையில் போனையும் வைத்துக்கொண்டு, கடிதம் எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் நடுவில் சிரிப்பீர்கள், அல்லது சிரிக்காமல் இருப்பீர்கள். இரண்டையும் என்னால் தாங்க முடியாது. அண்ணன் இன்று மாலை ஏணியைத் திருப்பி எடுத்துப்போக வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். வழியில் பிரித்துப் படிக்க மாட்டார். கண்ணாடியை எப்படியும் வீட்டில் மறந்துவிட்டுத்தான் வருவார்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். காய்ந்த சிவப்பு பீன்ஸை அப்படியே ஸ்லோ குக்கரில், அதுதான் நாளெல்லாம் கரண்ட்டில் மெல்ல வேகவைக்கும் அந்தப் பானையில், போடவே கூடாது. ராத்திரி முழுக்க ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் அரைமணி நேரம் தளதளவென்று கொதிக்க வைத்து, அதற்குப் பிறகுதான் போட வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும். இதை உங்கள் மகளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் நேற்றே போன் செய்து சொன்னேன். "ஞாயித்துக்கிழமை அப்படியே போடணும்னு சொன்னீங்களே அத்தை! ஒரு வரிகூட மாத்தாம செய்டீன்னு அம்மா சொல்லியிருக்காங்க" என்கிறாள். "இது வேற ரக பீன்ஸ்மா" என்று ஏதோ உளறினேன். அவள் நம்பவில்லை. புது வேலை, புது அறை, கூடத் தங்கியிருக்கும் பெண்களுக்கு இந்தச் சனிக்கிழமை முதல் விருந்து. என் பேச்சை நம்பி அதே பானையை வாங்கி வைத்திருக்கிறாள். அந்தப் பெண்கள் மறுநாள் வரிசையில் நின்று பாத்ரூம் கதவைத் தட்டினால் அந்தப் பாவம் எனக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். அன்று நீங்கள் மூவரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட குழம்பை நான் சமைக்கவில்லை, அண்ணி. அது தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில் வாங்கியது.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நீங்கள் அந்த ஸ்லோ குக்கரைக் கொடுத்தபோது, "காலையில போட்டுட்டுப் போ, சாயங்காலம் வந்து சாப்பிடு, அவ்வளவுதான்" என்றீர்கள். என் வேலை உங்களுக்குத் தெரியும். பெயிண்ட் கம்பெனிப் பரிசோதனைக் கூடத்தில் மற்றவர்கள் எழுதும் அறிக்கையைப் படித்து, ஆதாரமில்லாத வரியைச் சுழித்துத் திருப்பி அனுப்புவது. "அவ்வளவுதான்" என்று முடிகிற எதையும் நான் நம்பி வழக்கமில்லை. ஆளில்லாத வீட்டில் கரண்ட்டில் ஒன்று நாளெல்லாம் எரிந்துகொண்டிருக்கும், அதை நம்பி நான் அடுத்தவர் பெயிண்டைச் சரிபார்க்க வேண்டும் என்றால் எப்படி? முதல் நாள் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன், கை ஓடவில்லை, மாடிவீட்டுத் தையல்கார அம்மாவிடம்தான் சாவி இருக்கிறதே என்று போன் செய்து, புகை வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்கள். "புகையெல்லாம் இல்லைங்க. ஆனா ஆளே இல்லாத வீட்ல அது பாட்டுக்கு முணுமுணுன்னுட்டு இருந்துச்சு, எனக்கு மனசு கேக்கல, பிளக்கைப் புடுங்கிட்டேன்" என்றார்கள். நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது? மறுபடி முயன்றபோது, காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்தேன். ஆமாம், நான் வேலைக்குப் போவதற்கு வசதியாக நீங்கள் வாங்கிக் கொடுத்த பானையைப் பார்த்துக்கொள்ள நான் வேலைக்கு லீவு போட்டேன். உட்கார்ந்தவள் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதா? வேகிறதா என்று மூடியைத் திறந்தேன். வேகவில்லை. ஏன் வேகவில்லை என்று திறந்தேன். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது மெல்ல மெல்லச் சேர்த்து வைத்த சூடெல்லாம் என் முகத்தில் அடித்துவிட்டுப் போய்விடுகிறது, அது திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறது என்பது சாயங்காலம் இவர் வந்து சொன்ன பிறகுதான் உறைத்தது. "நீ அதைச் சமைக்க விடலியே, விசாரணைதான பண்ணிட்டிருக்க" என்றார். அன்று முகத்துக்கு நன்றாக ஆவி பிடித்ததில் எனக்கு இல்லாத காய்ச்சல்கூடப் போயிருக்கும்.

இவ்வளவுக்கும் நடுவில் நீங்கள் கேட்கும்போதெல்லாம், "தினமும் அதுலதான் அண்ணி, கைவந்துடுச்சு" என்று சொல்லி வந்தேன். நீங்களும் நம்பி, ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறோம், அதிலேயே செய் என்றீர்கள். அன்று காலை பீன்ஸைக் காய்ந்தது காய்ந்தபடியே போட்டேன். நீங்கள் வரும் பதற்றத்தில் எத்தனை முறை திறந்தேன் என்று எனக்கே தெரியாது. நீங்கள் கிளம்பிவிட்டதாக அண்ணன் போன் செய்தபோது இவர் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, அதே வேகத்தில் துப்பினார். "பல் டாக்டருக்குப் போன் போடவா, கடைக்குப் போகவா?" என்றார். கடைக்குப் பின்வாசல் வழியாகப் போனார். நான் பானையில் இருந்ததைப் பாத்ரூம் வாளியில் கொட்டி, கைக்குக் கிடைத்த ஒரு சின்னத் தட்டால் முக்கால்வாசி மூடினேன். கடைக் குழம்பைப் பானையில் ஊற்றவும் நீங்கள் மணியடிக்கவும் சரியாக இருந்தது. அண்ணன் கை கழுவப் போய்விட்டு வந்து, "என்ன, துணி ஊறப் போட்டிருக்கியா? சாயம் போகுது பாரு" என்றாரே, நினைவிருக்கிறதா? அது தக்காளி.

நீங்கள் என் தலையைத் தடவி, "படிச்சவ கைன்னா சும்மாவா" என்றபோதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. உங்கள் மகள் போனை எடுத்து, சொல்லுங்க அத்தை, எழுதிக்கிறேன் என்று உட்கார்ந்தபோது, வந்த வாய் பொய்யாக வந்தது. ஆதாரமில்லாத ஒரு வரிக்காக எத்தனை பேர் அறிக்கையைத் திருப்பி அனுப்பியிருப்பேன்! நீங்கள் போன பிறகுதான், உறை பிரிக்காமல் கிடந்த விளக்கப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். பீன்ஸ் விஷயம் முதல் பக்கத்திலேயே இருந்தது.

ஆனால் அண்ணி, ஒன்று சொல்ல வேண்டும். நான் திருந்திவிட்டேன். பீன்ஸை நேற்றே ஊற வைத்து, இன்று காலை முறையாகக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, இறைச்சி, வெங்காயம், தக்காளி எல்லாம் நறுக்கிப் பெரிய பாத்திரத்தில் கலந்து, குளித்துவிட்டு வரும்வரை கெடாமல் இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்தேன். வந்து பானையைப் பொருத்தி, மூடி, ஸ்விட்சைப் போட்டேன். மூடி கண்ணாடியாக இருப்பதுதான் எனக்கு வினை. "கிளிக்கூண்டுக்குப் போத்தற மாதிரி ஒரு துண்டைப் போட்டுடு. அதுவும் நிம்மதியா இருக்கும், நீயும் நிம்மதியா இருப்ப" என்றார் இவர். போர்த்தினேன். வேலைக்குப் போனேன். மாடிவீட்டு அம்மாவுக்குப் போன் செய்யவில்லை. திரும்பி வந்தும் துண்டைத் தொடவில்லை. இதோ, அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எவ்வளவு நல்ல மூடி என்றால், ஒரு துளி வாசனை வெளியே வரவில்லை. நம்பிக்கை என்றால் என்னவென்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன். அதனால் உங்கள் மகளிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். பீன்ஸைக் கொதிக்க வைக்க வேண்டும். ஒரு முறை மூடினால், என்ன ஆனாலும், யார் சொன்னாலும், திறக்கவே கூடாது.

இத்துடன் ஒரு டப்பாவில் குழம்பு அனுப்புகிறேன். இது நானே, உங்கள் பானையிலேயே செய்தது. சாப்பிட்டுப் பார்த்துவிட்டு என்னை மன்னிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். அண்ணனுக்கு என் வணக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டாம், ஏணியோடு சேர்த்து நேரிலேயே கொடுத்துவிடுகிறேன். உங்கள் மகள் நல்ல சாப்பாடும் நல்ல தூக்கமுமாக, என்னைப் போல யாருக்கும் ஒளிந்து வாழாமல் நன்றாக இருக்கட்டும்.

தலைகுனிந்த,
உங்கள் நாத்தனார்

பின்குறிப்பு: அண்ணன் வந்துவிட்டார். அவர் கண் முன்னாலேயே பெருமையாகத் துண்டை எடுத்தேன். பானை காலி. நறுக்கியது, கலந்தது எல்லாம் காலையில் வைத்த இடத்தில், ஃபிரிட்ஜில், குளுகுளுவென்று இருக்கிறது. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "பானை நல்லா வெந்திருக்கும்மா" என்றார். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனார். "இன்னிக்கும் விருந்தாளியா சார்?" என்று கேட்டாராம் கடைக்காரர். ஆகவே டப்பாவில் இருப்பது நீங்கள் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட அதே குழம்புதான், தைரியமாகச் சாப்பிடலாம். மகளிடம் பீன்ஸைப் பற்றி அவசியம் சொல்லுங்கள், அது சத்தியமான உண்மை. மூடியைப் பற்றி நான் மேலே எழுதியதை மட்டும் அடித்துவிடுங்கள். ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லுங்கள், அண்ணி. ஒரே ஒரு தடவை.