சத்யப்பிரியாவின் படிப்பை நிறுத்துவது குறித்து

குன்றத்தூர்,
13-2-91.

மதிப்பிற்குரிய மச்சான் தணிகாசலம் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை கனகத்தின் கணவன் கோதண்டராமன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், கனகம், மகள் சத்யப்பிரியா மூவரும் சுகம். என் இடது முழங்கையும் மோவாயும் மட்டும் சுகமாகிக்கொண்டு வருகின்றன. அரக்கோணத்தில் தாங்களும் அக்காவும் சுகம் என்பதைத் தங்கள் கடிதத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். உடம்பு முடியாதவரால் பேனாவை அவ்வளவு அழுத்தி எழுத முடியாது.

தாங்கள் உத்தரவிட்டபடியே செய்வதென்று முடிவெடுத்துவிட்டேன். சத்யாவின் படிப்பை இரண்டாம் வருஷத்தோடு நிறுத்திவிட்டு, வருகிற ஞாயிறு மாப்பிள்ளை புருஷோத்தமன் வீட்டார் வரும்போது தட்டு மாற்றிக்கொள்வோம். "புள்ளைங்களோட விளையாடறதுக்கு ஒரு காலேஜா, அதுக்கு வேலூர்ல ஒரு ஹாஸ்டலா?" என்று கேட்டிருந்தீர்கள். ஆக்குபேஷனல் தெரபி என்றால் வெறும் விளையாட்டு இல்லையாம், மச்சான். சில குழந்தைகளுக்குத் தொட்டால் சுடுவது போல இருக்குமாம், மிக்ஸி ஓடினால் காதுக்குள்ளே ரயில் ஓடுவது போல இருக்குமாம், தன் கைகால் எங்கே இருக்கிறது என்றே பிடிபடாதாம். அதுகளை ஊஞ்சலாட்டி, உருட்டி, தானியத்தில் கையை விட்டு அளையவைத்து, மெல்ல மெல்ல உடம்புக்குப் பழக்க வேண்டுமாம். இதை அவள் சொன்னபோது நான் தலையாட்டினேன். தலையாட்டியதில்தான் தப்பு ஆரம்பமாயிற்று, ஏனென்றால் லீவுக்கு வந்தவள் அந்தத் தலையாட்டலை அனுமதியாக எடுத்துக்கொண்டு வாசல் வேப்பமரத்தில் லாரி டயரைக் கட்டி ஊஞ்சல் போட்டாள், கனகத்தின் கேழ்வரகு முழுவதையும் அன்னக்கூடையில் கொட்டினாள், என் பாத்ரூம் பிரஷ்ஷை எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு "இது இனிமே குழந்தைங்க கைய நீவறதுக்கு" என்றாள். கேழ்வரகு இல்லாத வீட்டில் கனகம் என்ன பேசினாள் என்பதைத் அண்ணன் என்ற முறையில் தாங்களே ஊகிக்கலாம்.

அதோடு விட்டிருந்தால் இந்த முழங்கை இன்று முழங்கையாக இருந்திருக்கும். குழந்தை குப்புறப் படுத்துக் கையால் தள்ளித் தள்ளிப் போக, நாலு சின்னச் சக்கரம் வைத்த பலகை ஒன்று வேண்டும் என்றாள். கூடத்துக்குள்ளே மெதுவாக உருண்டால் போதும் என்று தெளிவாகத்தான் சொன்னாள். நான் மறைமலை நகர் கம்பெனியில் எங்கள் ஃபிட்டர் ஜெபகுமாரிடம் சொன்னேன். அவன் ஒரு கழித்துப்போட்ட டிராலியின் சக்கரங்களை முறையாக கேட் பாஸ் போட்டு எடுத்துவந்து, பேரிங்கைக் கழற்றி, புதுக் கிரீஸ் அடைத்து, தன் பிள்ளைக்குத் தொட்டில் செய்கிறவன் போலச் செய்துவிட்டான். எஞ்சின் பிளாக் ஏற்றுகிற சக்கரம், மச்சான். "ஒரு டன் ஏத்துனாலும் கம்முனு போவும் சார், நான் கேரண்டி" என்றான். குழந்தையின் எடை என்ன என்று நானும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. எங்கள் தொழிலில் அப்படித்தான், எது செய்தாலும் எஞ்சின் பிளாக் தாங்க வேண்டும். நான் இன்ஸ்பெக்ஷன்காரன் அல்லவா, ட்ரையல் பார்க்காமல் எந்தச் சாமானையும் வெளியே விட்டவன் இல்லை. ஆகவே கூடத்தில் இடம் போதாதென்று தெருவில் வைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நானே குப்புறப் படுத்தேன்.

எங்கள் தெரு மலையடிவாரத்திலிருந்து சரிவாக இறங்கும் என்பது தங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், ஆனால் படுத்துக்கொண்டு பார்த்தபோது சமமாகத்தான் தெரிந்தது. "லேசா ஒரு தள்ளு, ஜெபா" என்றேன். அவன் லேசாகத்தான் தள்ளினான்.

இதே நேரத்தில் கீழே கண்ணப்பன் டீக்கடையில், பெண் வீட்டை விசாரிக்க யாரிடமும் சொல்லாமல் வந்த மாப்பிள்ளையின் பெரியப்பா, டீயைக் கையில் வைத்துக்கொண்டு என் குணநலன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வழக்கம்தானே, நாமும் அவர்கள் ஊரில் போய் விசாரித்தோம். கண்ணப்பன் நல்லவன், கடன் பாக்கி இருந்தும் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. "ரொம்ப சாதுங்க அவரு. கம்பெனி வுட்டா வூடு, வூடு வுட்டா கம்பெனி. ஒரு வம்புதும்பு கெடையாது. தெருவுல அவர் சத்தத்தையே யாரும் கேட்டது கெடையாது" என்று அவன் சொல்லி முடிக்கவும், "புடி! புடி! யாராச்சும் புடி!" என்று நான் கடை வாசலைக் கடக்கவும் சரியாக இருந்தது. வீடு கட்டுகிறவர்கள் கொட்டியிருந்த மணல் குவியலில் தலை முதலாகப் போய் நின்றேன். ஓடிவந்து தூக்கிவிட்டவர் அந்தப் பெரியப்பாவேதான். சட்டையைத் தட்டிவிட்டபடி, "அடி ஒண்ணும் படலியே? ஆமா, கோதண்டராமன் வூடு எதுங்க?" என்று கேட்டார். வாய் நிறைய மணல். "மேல வேப்பமரத்து வூடு" என்று மட்டும் சொன்னேன். அந்த கோதண்டராமன் யார் என்று அவர் கேட்கவில்லை, நானாகச் சொல்லும் நிலையிலும் இல்லை. பத்து நிமிஷம் சந்திலே நின்றுவிட்டு, பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால், அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து கனகம் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருக்கிறார். "இவருதாங்க எங்க வூட்டுக்காரரு" என்றாள் தங்கள் தங்கை, மிகுந்த பெருமையோடு.

அவர் காப்பியைக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். ஊருக்குப் போய்ச் சொன்னதைத்தான் தாங்கள் எழுதியிருக்கிறீர்கள்: பெண்ணைப் பிடித்திருக்கிறது, படிப்பைத்தான் பிடிக்கவில்லை, அதைப் பக்கத்தில் இருந்து பார்த்த தகப்பனுக்கே இப்படி ஆகிவிட்டதே, ஆகவே உடனே நிறுத்தினால்தான் நிச்சயம். நியாயம்தான்.

இன்னொரு தொந்தரவையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வீட்டு பாஞ்சாலிக்கு ஐஸ்வர்யா என்று ஐந்து வயசில் ஒரு பெண். பேச்சு கிடையாது. யார் கிட்டே போனாலும் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் ஒண்டிக்கொள்ளும். சீப்பைக் கண்டால் தெருவே அதிரும்படி கத்தும், அதனால் தலை எப்போதும் காக்காய்க் கூடு. சத்யா பதினைந்து நாள் கூப்பிட்டும் வாசற்படி ஏறாதது, நான் உருண்டதைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்துச் சிரித்திருக்கிறது. அது சிரித்ததை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்ததாக பாஞ்சாலி சொல்கிறாள். என் மோவாய் கிழிந்ததில் அப்படி என்ன சிரிப்போ. மறுநாள் விடியற்காலை எங்கள் கூடத்தில் வந்து நின்று பலகையைக் காட்டியது. ஆனால் படுக்கவில்லை. என்னைப் பார்த்தது.

"அப்பா, நீ மொதல்ல படு. அவ உன்னப் பாத்துத்தான் செய்வா" என்றாள் என் மகள்.

அன்றிலிருந்து கம்பெனி பஸ் வருமுன் தினம் எனக்கு இதே வேலை. பலகையில் நான் படுத்தால் பிறகு அது படுக்கும். கேழ்வரகில் நான் கைவிட்டால் பிறகு அது விடும். ஜமக்காளத்தில் என்னை இறுக்கச் சுருட்டினால் பிறகு அது தானாக வந்து ஓரத்தில் படுத்துக்கொள்ளும். சுருட்டிய நிலையில் பால்காரர் இரண்டு முறை பார்த்துவிட்டார். "இன்னா சார், ஒடம்பு சரியில்லியா?" என்றார். பேப்பர் படிக்க முடிவதில்லை. போன வாரம் தலைவாரி, ஜடை போட்டு, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்து நின்றது. பின்னாலேயே பாஞ்சாலி வந்து, "வார வுட்டுச்சுண்ணா, கத்தவே இல்லண்ணா" என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காலை நேரத்தில் ஒரு பெண் பிள்ளை நம் வாசலில் நின்று அழுதால் தெருவில் என்ன நினைப்பார்கள்? கனகம் வேறு கூடச் சேர்ந்து அழுதாள். அன்றைக்கு எனக்கு டிபன் கிடைக்கவில்லை.

இப்படியெல்லாம் ஒரு குடும்பம் நடக்கக்கூடாது என்பதால், இன்று சாயங்காலமே சத்யாவிடம் சொல்லிவிட்டேன். அழுவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். எவ்வளவு சுலபம் பாருங்கள். ஞாயிறு தாங்களே முன்னின்று எல்லோரையும் அழைத்து வர வேண்டும். பெரியவர்கள் ஆசியும் மலைமேல் முருகன் துணையும் இரு குடும்பத்துக்கும் இருக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம்.

தங்கள் சொல் தட்டாத,
கோதண்டராமன்.

பின்குறிப்பு (வியாழன், பஸ் ஸ்டாண்டு பெஞ்சு): ஞாயிறு யாரும் வர வேண்டாம். காலையில் ஐஸ்வர்யாவை விட வந்த பாஞ்சாலி, "வாரிக்கினது வரைக்கும் சரி, இனிமே பேச வைக்க இன்னா செய்யணும் சத்யா?" என்று கேட்டாள். "எனக்கு அதுக்கு மேல தெரியாதுக்கா. மூணாவது வருஷத்துலதான் சொல்லிக் குடுப்பாங்க" என்றாள் இவள். அவ்வளவுதான் சொன்னாள், என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு அவள் பெட்டியை எடுத்துவந்து வேலூர் பஸ்ஸில் வைத்தேன். அங்கே பெரிய டீச்சர்களிடம் காட்ட பாஞ்சாலியும் குழந்தையும் கூடவே போகிறார்கள். மாப்பிள்ளைக்குப் பொறுமை இருந்தால் படிப்பு முடியட்டும், இல்லையென்றால் அவருக்கு வேறு நல்ல இடம் அமையட்டும். மேலே எழுதியதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாமென்றால் கையில் வேறு தாள் இல்லை. பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக, "மாமாக்கு எப்பப்பா சொல்லப்போற?" என்று பயந்துகொண்டே கேட்டாள். "அதெல்லாம் நேத்தே சொல்லிட்டேன், அவருக்கு ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஆகவே தயவுசெய்து தாங்கள் நேற்றிலிருந்தே சந்தோஷமாக இருக்க வேண்டியது.