மதுக் கல்வியின் மகத்தான வெற்றி

மனித குலம் மதுவை வென்ற நாள் என்று ஒன்றை வரலாறு குறிக்குமானால், எங்கள் பல்கலைக்கழகக் கருத்தரங்கக் கூடத்தில் புரொஜெக்டர் ஒழுங்காக வேலை செய்த அந்தச் செவ்வாய்க்கிழமையைத்தான் குறிக்க வேண்டும். அன்றுதான் ‘மது விழிப்புணர்வுக் குழு’வின் அமைப்பாளரான அடியேன் மாணவர்களுக்குப் பாடம் நடத்தினேன்.

பாடத்தின் சிகரம் கடைசி இரண்டு ஸ்லைடுகள். முதலாவது: ‘குடித்து மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடவும்.’ அடுத்தது: ‘குடித்த இடத்தில் இருந்ததாகத் தெரியவரும் எவரும் விடுதியிலிருந்து நீக்கப்படுவர்.’ ஒன்று கருணை, மற்றது கண்டிப்பு என்று துணைவேந்தர் வெகுவாகப் பாராட்டினார்.

பாடத்தின் முடிவில் வைத்த தேர்வில் ஒருவனைத் தவிர எல்லோரும் தேறினார்கள். நூற்றுக்கு நூறு வாங்கியவனுக்கு அன்று முதல் ‘சென்டம்’ என்றே பெயர். தேறாதவன், கடைசி வரிசையில் குறட்டை விட்ட ‘தூங்குமூஞ்சி’.

சனிக்கிழமை மத்தியானம், தேறியவர்கள் தங்கள் தேர்ச்சியைக் கொண்டாட விடுதி மொட்டைமாடியில் கூடினார்கள். எதை வைத்துக் கொண்டாடினார்கள் என்பது பாடத்திட்டத்துக்கு அப்பாற்பட்டது. சென்டம் சுருண்டு விழுந்தான். அதன்பின் நடந்ததைப் ‘பெயர் சொல்ல விரும்பாத சாட்சிகள்’ விவரித்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“ஒருக்களிச்சுப் படுக்க வைடா.”

“வச்சாச்சு. அடுத்து ஆம்புலன்ஸ்.”

“அதுக்கு அடுத்த ஸ்லைடு?”

எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. வெளியே எடுத்த கைப்பேசிகள் பைக்குள் போயின. ஆட்களும் படியிறங்கிப் போனார்கள்.

துணி காயப்போட வந்த தூங்குமூஞ்சிதான், “என்னடா, உதடெல்லாம் நீலமா இருக்கு?” என்று பதறி, துணியைக் கீழே போட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். வண்டி வந்தபோது, மயங்கிக் கிடந்தவனைத் தவிர, ‘அங்கே இருந்ததாகத் தெரியவந்தவன்’ அவன் ஒருவனே.

சென்டம் பிழைத்துக்கொண்டான். நானும் இடம்பெற்ற ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடியது.

“விதி தெரிஞ்சும் ஏன் கூப்பிட்டே?” என்று கேட்டேன்.

“தெரியாது சார். அன்னிக்குத் தூங்கிட்டேன்.”

“மத்தவங்க யாரும் கூப்பிடலையே?”

“அவங்க பாஸ் சார்.”

வெளியே பெஞ்சில் இருந்த சென்டத்தின் அம்மா உள்ளே வந்து, “அந்தத் தம்பி இல்லேன்னா எம்புள்ள இல்ல சார். அவன விட்டுடுங்க” என்று அழுதார். எங்கள் கண்களும் கலங்கின. கலங்கிய கண்களோடேயே அவனை விடுதியிலிருந்து நீக்கிக் கையெழுத்திட்டோம்.

இப்போது ஆண்டறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். மதுக் கல்வியால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? எங்கள் பாடத்தைப் படித்துத் தேறியவர்களில் ஒருவர்கூட ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை.