முப்பத்தோரு பேருக்குக் கேட்காத விசில்

எங்கள் அலுவலகத்தில் பெண்கள் பாதுகாப்பு விழிப்புணர்வு வாரம் வெகு சிறப்பாகக் கொண்டாடப்பட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதாகை கட்டினோம், உறுதிமொழி எடுத்தோம், ஆளுக்கொரு ஊதா நாடாவைச் சட்டையில் குத்திக்கொண்டோம். புகைப்படத்தில் மூன்றாவது வரிசையில் இடது ஓரமாக வாயைத் திறந்து உறுதிமொழி சொல்லிக்கொண்டிருப்பவன் நான். மற்றவர்கள் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நிலங்களுக்கு வரைபடம் தயாரிக்கும் அலுவலகம் எங்களுடையது. நான் தபால் பிரிவு. வருகிற காகிதத்துக்கு முத்திரை குத்தி எண் போடுவது என் வேலை. எண் விழாதவரை அது வெறும் தாள். விழுந்துவிட்டால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே எண் போடுவதில் நான் மிகுந்த நிதானம் கடைப்பிடிப்பவன்.

வாரம் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு வரைவாளரம்மா ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். படம் வரைகிற பிரிவில் இருப்பவர், வேலைக்கு வந்து இரண்டு வருஷம், அதிர்ந்து பேசமாட்டார். பழைய படங்கள் இருக்கும் அறைக்குள் அவர் போகும்போதெல்லாம் கண்காணிப்பாளர் பின்னாலேயே வந்து கதவைச் சாத்துகிறார், இடுப்பில் கை வைக்கிறார், தள்ளிவிட்டால் சிரிக்கிறார் என்று நாலே வரியில் எழுதியிருந்தார். தான் உள்ளே இருக்கும்போது அந்த ஆள் அங்கே வரக்கூடாது. அவர் கேட்டது அவ்வளவுதான்.

"எண் போட்டுக் குடுங்க அண்ணா."

"போடாம எங்க போயிடப் போறேன்? முதல்ல இயக்குநர் ஒரு தடவை பார்த்துடட்டும்மா."

இயக்குநர் நல்ல மனிதர். யார் மனமும் நோகக் கூடாது என்று நினைப்பவர். அந்த யாரில் முதல் ஆள் கண்காணிப்பாளர். தாளைப் படித்தார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி படித்தார்.

"நல்ல நேரம் பார்த்துக் குடுத்திருக்காங்க! விழிப்புணர்வு வாரத்துல புகார் வந்தா, நமக்கு விழிப்புணர்வே இல்லைன்னு மேலிடத்துல நினைச்சுக்க மாட்டாங்களா?"

"அப்போ இதை என்ன சார் பண்றது?"

"இதைப் புகார்னு ஏன் பார்க்கறீங்க? ஆலோசனைன்னு வெச்சுக்குங்க. பாதுகாப்பு வேணும்கறாங்க. குடுத்துட்டாப் போச்சு."

கொடுத்தார். பெண் ஊழியர்கள் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு விசில், கையெழுத்து வாங்கிக்கொண்டு வழங்கப்பட்டது. அந்நியர் நுழையாமல் இருக்க வரைபட அறைக்குப் புதுப் பூட்டு போட்டார்கள். கதவைச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். உள்ளேயிருந்தும் சரி, வெளியேயிருந்தும் சரி, சாவி போட்டால்தான் திறக்கும். விழிப்புணர்வு வார அமைப்பாளர், விசில் பதிவேட்டுக்குப் பொறுப்பாளர், சாவிக்குப் பொறுப்பாளர் ஆகிய மூன்று பொறுப்புகளும் பணிமூப்பு கருதி ஒருவருக்கே அளிக்கப்பட்டன. கண்காணிப்பாளருக்கு.

விசிலுக்கு விதிமுறைத் தாளும் உண்டு. அவசரத்தில் மட்டுமே ஊத வேண்டும். அவசரம் ஏற்படப்போவதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிப்பது நலம். சத்தம் கேட்டவர்கள் தாமாக எதுவும் செய்யாமல் உடனடியாகக் கண்காணிப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும்.

விழிப்புணர்வு வாரத்தின் மூன்றாம் நாள் மத்தியானம், பெண்மையைப் போற்றும் வாசகப் போட்டிக்கு நாங்கள் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தபோது, வரைபட அறையிலிருந்து விசில் சத்தம் வந்தது. நீளமாக ஒன்று. பாதியில் அறுந்த மாதிரி இன்னொன்று. பிறகு விடாமல்.

பக்கத்து மேசைக்காரர் இழுப்பறைக்குள் தலையை விட்டுப் பேனா தேடினார். பேனா அவர் காதில் இருந்தது. எதிர் மேசைக்காரர் மின்விசிறியைக் கூட்டிவைத்தார். நான் ஒரே உறைக்கு நாலு தடவை முத்திரை குத்தினேன். மற்ற ஐந்து பெண்களும்தான் ஓடிப்போய்க் கதவை இடித்தார்கள். கண்காணிப்பாளர் திறந்துகொண்டு வந்தார். ஊதா நாடாவை நேராக்கிக்கொண்டார்.

"படம் தேடிக்கிட்டிருந்தோம். இதுக்கு எதுக்கு இத்தனை கூட்டம்?"

பின்னாலேயே வந்த வரைவாளரம்மா நேரே என் மேசைக்கு வந்தார். விசிலை என் முன்னால் வைத்தார்.

"இப்பவாவது எண் போடுங்க."

எண் என்பது விசிலைப் பார்த்துப் போடுவதல்ல. விசில் சத்தம் கேட்டதா என்பதைக் கண்டறிய விசாரணை நடந்தது. பெண்கள் ஐந்து பேரும் கேட்டது என்றார்கள். பெண்கள் பெண்ணுக்குப் பரிந்து பேசக்கூடும் என்பதால் அது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. ஆண்கள் முப்பத்தோரு பேரும் 'கேட்கவில்லை' என்று கையெழுத்திட்டோம். பதினேழாவது கையெழுத்து என்னுடையது. சத்தம் கேட்கவில்லை, ஆகவே ஊதப்படவில்லை. ஊதப்படவில்லை, ஆகவே அவசரம் இல்லை. அசம்பாவிதம் ஏதுமின்றி வாரம் நிறைவுற்றதற்காக எங்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது.

பதினைந்து நாள் போயிருக்கும். கண்காணிப்பாளர் ஏதோ ஞாபகத்தில் சாவியைக் கதவின் வெளிப்பக்கத்திலேயே விட்டுவிட்டு வரைபட அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. தட்டினார். கத்தினார். கடைசியில் மாதிரிக்கென்று சட்டைப் பையில் வைத்திருந்த விசிலை எடுத்து ஊதினார்.

எங்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. அந்த அறையிலிருந்து விசில் கேட்காது என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். இப்போது கேட்டால் அப்போது கேட்டதாகிவிடும். முப்பத்தோரு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வரைவாளரம்மா மட்டும் விதிமுறைத் தாளை எடுத்துக்கொண்டு கதவருகே போனார்.

"சார், உள்ளேயிருந்து விசில் சத்தம் கேக்குது. கேட்டா கண்காணிப்பாளர்கிட்ட தெரிவிக்கணுமாம். தெரிவிச்சுட்டேன்."

"ஏம்மா, நான்தான் உள்ள மாட்டியிருக்கேன்! கதவைத் திற!"

"தாமாக எதுவும் செய்யக் கூடாதுன்னு போட்டிருக்கு சார். நீங்க கையெழுத்துப் போட்ட தாள்தான்."

"கிண்டலா பண்றே? மூச்சு முட்டுதும்மா எனக்கு!"

"எனக்கும் அப்படித்தான் சார் இருந்தது."

கூட்டத்துக்குப் போயிருந்த இயக்குநர் திரும்பி வந்து திறக்க நாற்பது நிமிஷமாயிற்று. வெளியே வந்ததும் கண்காணிப்பாளர் புகார் எழுதினார். அபாயத்தில் ஊதியும் ஒருவரும் வரவில்லை என்று. மை காய்வதற்குள் எண் போட்டேன். பாதுகாப்புப் புகார்ப் பதிவேட்டில் எண் ஒன்று அதுதான். அன்றைக்கே விசாரணை. முப்பத்தோரு பேரும் 'தெளிவாகக் கேட்டது' என்று கையெழுத்திட்டோம். ஏன் திறக்கவில்லை என்ற கேள்விக்கு, பதற்றத்தில் கை கால் ஓடவில்லை என்று ஒரே மாதிரி எழுதினோம்.

வரைவாளரம்மா இயக்குநர் முன்னால் இரண்டு கையெழுத்துப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"அதே விசில், அதே அறை, அதே ஆளுங்க சார். இப்ப என்ன சொல்றீங்க?"

இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டையும் படித்தார். பிறகு முகம் மலர்ந்தது. பெண்கள் ஊதினால் கேட்பதில்லை, ஆண்கள் ஊதினால் கேட்கிறது என்பது ஆவணபூர்வமாக நிரூபணமாகிவிட்டதாம். ஆகவே பெண்கள் விசில்களைத் திருப்பி ஒப்படைக்கவும், அவற்றை ஆண்களுக்கு வழங்கவும், ஆபத்து நேரும் பெண்கள் அருகிலுள்ள ஆணிடம் ஊதும்படி விண்ணப்பிக்கவும் உத்தரவிடப்பட்டது.

எனக்கும் ஒன்று வந்தது. மறுநாள் காலை வரைவாளரம்மா என் மேசை முன் நின்றார்.

"படம் எடுக்க உள்ள போறேன். ஏதாவதுன்னா ஊதுவீங்களா அண்ணா?"

"விதியில என்ன போட்டிருக்குன்னு பார்த்துச் சொல்றேன்மா."

சொன்ன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் பார்வையாளர்களுக்கான இரும்பு நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய் கண்காணிப்பாளர் திறந்துவைத்த வரைபட அறைக் கதவு சாத்தாதபடி முட்டுக் கொடுத்தார். கண்காணிப்பாளர் அதை எடுக்கும்போதெல்லாம் ஆறு பெண்களில் ஒருத்தி எழுந்துபோய் மறுபடி வைத்தாள்.

அன்றிலிருந்து எங்களுக்குத் தொல்லைதான். கதவு திறந்தே கிடப்பதால் ஏணி கிரீச்சிடுவது, தாள் சுருளுவது, கண்காணிப்பாளர் செருமிக்கொண்டே உள்ளே போவது, "தள்ளி நில்லுங்க சார்" என்று வரைவாளரம்மா உரக்கச் சொல்வது எல்லாம் கடைசி மேசை வரை கேட்கிறது. இனி எந்த விசாரணையில் என்னவென்று எழுதுவது?

நான்காம் நாள் முப்பத்தோரு பேரும் சேர்ந்து ஒரு மனு கொடுத்தோம். மேற்படி கதவு திறந்திருப்பதால் உள்ளே நடப்பவை யாவும் காதில் விழுகின்றன, பணியில் கவனம் செலுத்த இயலவில்லை, கதவைச் சாத்த ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

வரைவாளரம்மாவின் நாலு வரித் தாள் இன்னும் என் தபால் தட்டின் அடியில் கிடக்கிறது. அதன்மேல் மனுவை வைத்து முத்திரை குத்தி, எண் இரண்டு போட்டேன். பதினேழாவது கையெழுத்து என்னுடையது.