மாமன்னர் பெயரின் சொந்த ஊர்

மலைக்கும் பாலைவனத்துக்கும் நடுவே மருதவேலி என்றொரு நாடு இருந்தது. ஆளத் தெரிந்தவர்கள் அங்கே கொஞ்சம் குறைவு. ஆள ஆசைப்பட்டவர்களுக்குக் குறைவே இல்லை. மற்றபடி நல்ல நாடுதான்.

அந்த நாட்டில் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் வழக்கம் வேடிக்கையானது. பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதைச் சேனை வைப்பது என்பார்கள். யார் சேனை வைக்கிறார்களோ அவர்கள் பெயர்தான் குழந்தைக்கு. வைப்பவர் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தவரோ, பிள்ளைக்கு அவ்வளவு நீண்ட ஆயுள் என்று ஒரு நம்பிக்கை. ஆகவே பெரிய வீடுகளில் இடுப்புவலி கண்டதும் ஆண்கள் சத்திரத்துக்கு ஓடுவார்கள். பாலைவனம் தாண்டி வந்த வழிப்போக்கன் எவனாவது அகப்பட்டால் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவ விடாமல் இழுத்து வருவார்கள். கூலிக்காரன் வீட்டுக்கு யார் வரப்போகிறார்கள்? அங்கே பக்கத்து வீட்டுக்காரர் பெயரே பிள்ளைக்கும். இப்படியாக மாளிகைகளில் வெளிதேசத்துப் பெயர்களும் குடிசைகளில் உள்ளூர்ப் பெயர்களும் புழங்கின. யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை.

ஓர்சான் மாமன்னர் காலத்தில் மழை பொய்த்தது. அரண்மனைக் களஞ்சியம் ஏன் காலியாக இருக்கிறது என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்தார்கள். ஜனங்களின் வாயை அடைக்க முடியாது, வேறு கேள்வியை அதில் போட்டுவிடலாம் என்று கண்டுபிடித்தவர் திருமேனிநாதர். அதற்காகவே அவருக்குப் பெயர்த்துறைப் பேரதிகாரி என்ற பதவி கிடைத்தது. ஒருநாள் காலையில் முரசு அறைந்தார்கள். ஒவ்வொருவரும் தன் பெயர் எந்த ஊரிலிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்.

வெள்ளந்தியாகச் சொன்னார்கள். அடுத்த முரசில், வெளிதேசத்துப் பெயர் உள்ளவர்களுக்கு வாய்க்கால் தண்ணீர் கிடையாது என்றார்கள். பெரிய வீட்டுக்காரர்கள் அவசர அவசரமாகப் பெயரை மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் எல்லோரும் மாற்றி முடித்ததும், பெயரை மாற்றுவது குற்றம் என்று சட்டம் வந்தது. மாட்டிக்கொண்டவர்கள், வாசலில் எவனோ ஒரு வழிப்போக்கன் நின்ற நேரம் பார்த்துப் பிறந்துவிட்ட ஏழைகள்தான். அவர்களைப் பெயரின் தாய்நாட்டுக்கே அனுப்பிவைப்பது என்று கடைசியாக முடிவாயிற்று. தாய்நாடு என்பது பாலைவனம்.

அதற்குப் பிறகு தெருவில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "ஏய்", "இந்தா", "உங்களைத்தான்" என்றே பிழைப்பு நடந்தது. பால்காரர் வாசலில் நின்று உள்ளே பாடும் தாலாட்டைக் காது கொடுத்துக் கேட்டார். தாலாட்டில் பிள்ளையின் பெயர் வருமே. தாய்மார்கள் பாடுவதை நிறுத்தினார்கள்.

பெயர்த்துறையில் உதவி ஆய்வாளராக இருந்தவர் மாசிலான். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர். ஒரு பெயரை வாயில் போட்டுச் சுவைத்தே அது எந்தச் சீமைச் சரக்கு என்று சொல்லிவிடுவார். எத்தனையோ குடும்பங்கள் அவர் சொல்லைக் கேட்டுப் பாலைவனத்துக்கு நடந்தன. அவருக்கும் வீட்டில் ஒரு பயம் இருந்தது. அந்தப் பயத்துக்கு எட்டு வயது. அவருடைய ஒரே மகள். பிறந்தபோது அவள் அழவில்லை, உடம்பு நீலம் பாரித்துக் கிடந்தாள். ஒட்டகங்களுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு தெருவில் போன பாலைவனத்துப் பெண் ஒருத்தி உள்ளே வந்து, வாயோடு வாய் வைத்து ஊதி, அழவைத்து, சேனையும் வைத்துவிட்டுப் போனாள். அவள் பெயர் ஓர்சா. முரசு அறைந்த நாளிலிருந்து அந்த வீட்டில் பிள்ளைக்குப் பாப்பா என்றுதான் பெயர்.

எதிர்வீட்டு எண்ணெய்க்கடைக்காரர் பலவேசத்துக்கு அதில் ஒரு சந்தேகம். எட்டு வயதுப் பிள்ளையை ஏன் இன்னும் பாப்பா என்கிறார்கள்? ஒருநாள் கடையில் இருந்தபடியே, அந்த வீட்டில் முன்பு எப்போதோ காதில் விழுந்த பெயரைச் சும்மா எறிந்து பார்த்தார்.

"ஓர்சா!"

"என்ன மாமா?" என்று திரும்பினாள் பிள்ளை.

அவ்வளவுதான். வருகிற அமாவாசைக்குள் அவளை எல்லைக்கு அப்பால் அனுப்ப வேண்டும் என்று ஆணை வந்தது. மாசிலான் திருமேனிநாதர் காலில் விழுந்தார்.

"என் பிள்ளை ஐயா!"

"பிள்ளை உம்முடையதுதான். அதில் துறைக்கு எள்ளளவும் ஐயமில்லை. பெயர் எவருடையது என்பதே வினா," என்றார் திருமேனிநாதர். "உம்மைப் போன்ற கடமை வீரர் கண் கலங்கலாமா? பிறர் பிள்ளைகளை அனுப்பியபோது நீர் கலங்கவில்லையே!"

அது உண்மை. மாசிலானுக்குச் சுருக்கென்றது. எழுந்து வெளியே வந்தார். வாசலில் காவலர்கள் வழக்கம்போல, "ஓர்சான் மாமன்னர் வாழ்க!" என்று முழங்கினார்கள். மாசிலான் அப்படியே நின்றுவிட்டார். அது ஒரு பெயர் என்பது அன்றைக்குத்தான் அவர் காதில் ஏறியது. அதே பாலைவனம், அதே சொல். மகளுக்குப் பெண்பால், மன்னருக்கு ஆண்பால். அரண்மனைக்கு இருக்கிற வசதிக்கு, எல்லோரையும்விடத் தூரத்திலிருந்து வந்தவனைத்தானே பிடித்திருப்பார்கள்!

வீட்டுக்கு ஓடிவந்து மனைவி வெயிலாளிடம் சொன்னார். அவள் சந்தோஷப்படவில்லை.

"ராசாவயே மடக்கப் பாக்கியளா? வேண்டாங்க. பிள்ளையத் தூக்கிட்டு எங்க சித்தி ஊரு மலைக்குப் போயிருவோம்."

"கூறு இல்லாமப் பேசாத. ராசாவ ஊரவிட்டு அனுப்ப முடியுமா? முடியாது. அப்போ சட்டம்தான் போவணும். நான் சட்டத்திலேயே ஊறுனவன்."

"ஊறுனா வெளிய இருக்கது தெரியாதுங்க," என்றாள் அவள்.

மறுநாள் சபையில் மாசிலான் கைகட்டி நின்று, மகாபிரபுவின் திருநாமமும் தன் மகளின் பெயரும் ஒன்றே என்று மெல்லச் சொன்னார். மந்திரிகள் எல்லோரும் கூரையில் என்னவோ இருப்பதுபோல அண்ணாந்து பார்த்தார்கள்.

"அந்த மொழியில் இதற்கு என்ன பொருள்?" என்று கேட்டார் மன்னர்.

"ஒட்டகங்களுக்குத் தண்ணீர் காட்டுபவர், பிரபு."

'உலகைத் தாங்குபவர்' என்று பொருள் சொல்லிச் சொல்லியே மாலை வாங்கிய அவைப்புலவர் ஒரு தூணுக்குப் பின்னால் போனார். மன்னர் திருமேனிநாதரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு தலை உருளப்போகிறது என்பது தெரிந்தது. யாருடைய தலை என்பது மட்டும் தெரியவில்லை.

திருமேனிநாதர் தொண்டையைச் செருமினார். "அற்புதம் பிரபு! நம் ஆய்வாளர் மாபெரும் திருட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். இத்திருநாமம் இம்மண்ணில் முளைத்தது. பாலைவனத்தார் இதைக் களவாடிச் சென்று தங்கள் ஒட்டகக்காரர்களுக்குச் சூட்டியிருக்கிறார்கள். ஆகவே இப்பெயரைத் தாங்கும் பிறர் அனைவரும் அந்நியர் அல்லர்."

மாசிலானுக்கு உயிர் வந்தது.

"திருடர்கள்," என்று முடித்தார் திருமேனிநாதர்.

சபை கைதட்டியது. அங்கேயே ஆணை பிறந்தது. திருடப்பட்ட பெயர் பறிமுதல். பெயர் பறிக்கப்பட்டவருக்கு வேறு பெயர் கிடையாது, பெயரில்லாதவருக்கு நாட்டில் எதுவும் கிடையாது. அப்பெயரால் அவர்களை அழைப்பவர் திருட்டுக்கு உடந்தை. இந்தத் திருட்டைக் கண்டுபிடித்த மாசிலானே இனிப் பெயர்மீட்பு அதிகாரி. மன்னர் தம் கையாலேயே அவருக்கு மோதிரம் போட்டார். மாசிலான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வெட்கமாக இருந்தது. மோதிரம் கனமாகவும் அழகாகவும் இருந்தது.

அவர் வீட்டுக்கு வருவதற்குள் முரசு தெருவைச் சுற்றிவிட்டுப் போயிருந்தது. பொழுது சாய்கிற நேரம். பிள்ளை தெருக்கோடியில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவளை உள்ளே கூப்பிட வேண்டும். ஒவ்வொரு கதவும் ஒரு விரற்கடை திறந்திருந்தது. பலவேசம் கடை வாசலுக்கே வந்து நின்றார்.

வெயிலாள் வாசற்படியில் இறங்கினாள். அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. தன் வயிற்றில் பிறந்ததைக் கைதட்டிக் கூப்பிட இது என்ன கோழியா?

"ஓர்சா! ஏ ஓர்சா! வீட்டுக்கு வா தாயி!"

தெரு முழுக்கக் கேட்டது. பிள்ளை சிரித்துக்கொண்டே ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கதவுகள் அகலத் திறந்தன. யாரும் பிள்ளையைப் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் மாசிலான்மேல் இருந்தது. அவர் பலவேசத்தைப் பார்த்தார், கதவுகளைப் பார்த்தார், மோதிரத்தை ஒருமுறை திருகிக்கொண்டார். பிறகு மனைவியிடம், அலுவலகத்தில் பேசுகிற குரலில் கேட்டார்:

"இப்போது நீ அழைத்தது எவருடைய பெயர்?"

வெயிலாள் பிள்ளையை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் விட்டுக்கொண்டாள். இத்தனை நாளும் தெருவுக்குப் பயந்தவள், அன்றைக்குத்தான் புருஷனைப் பார்த்துப் பயந்தாள்.